குட்டியானையில் ஏறிய கரகம்

காப்புக் கட்டுவதற்கு முன் பூசாரி வேம்பு ஒரு கேள்வி கேட்பார். மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, "சுத்தமா கீறியா?" என்பார். எதிரில் நிற்பவர் "கீறேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் முடிச்சு விழும். வைகாசியின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு, ஆட்டோ ஓட்டும் தணிகாசலம் இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவதில் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா தணிகாசலம், தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டார் வேம்பு.

தணிகாசலம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்.

பூத்தட்டுடன் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி பாஞ்சாலிக்கு உடனே கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் கோபத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க அவள் பழகியிருந்தாள். எட்டு நாளாக வீட்டில் முட்டைகூட வாங்கவில்லை. பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தவள் அவள். பாய், தலையணை உறை எல்லாவற்றையும் அலசி மூன்றாவது மாடிக் கம்பியில் காயப்போட்டவளும் அவள்தான். விரதம் என்ற பெயர் மட்டும் அவருக்கு.

விசாரித்ததில் விஷயம் முழுதாக வெளியே வந்தது. மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டாளி ஹபீபுர் ரஹ்மான் புது வண்டி எடுத்திருந்தார். அதற்காக எல்லோருக்கும் பிரியாணி. உனக்கு விரதமாச்சே என்று ஹபீபே கேட்டிருக்கிறார். காப்புக் கட்டின பிறகுதான் அதெல்லாம், அதற்கு முன்னால் சாப்பிடுவது கணக்கில் சேராது என்று விளக்கம் சொல்லிவிட்டு, தணிகாசலம் இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டிருக்கிறார். போலீஸ்காரரிடமும் சவாரியிடமும் ஒரு நாளைக்கு முப்பது பொய் சொல்லக்கூடிய மனிதர். துலுக்காணத்தம்மன் முன்னால் மூன்றாவது "கீறேன்" மட்டும் வரவில்லை.

"அதையும் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றாள் பாஞ்சாலி, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆத்தா பாத்துக்கினு கீறாமே."

"மத்தியானம் பாக்கலியா?"

இந்த வருடம் கரகம் எடுப்பது அவர்கள் வீட்டு முறை. வீடு என்று ஒன்று அங்கே இல்லை என்பது வேறு விஷயம். அடையாற்றங்கரையில் பாலத்துக்கு மேற்கே இருந்த நூற்றெண்பது வீடுகளும் ஆறு வருடத்துக்கு முன்பு இடிக்கப்பட்டு, குடும்பங்கள் லாரியில் ஏறி, பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. கோயிலை மட்டும் யாரும் தொடவில்லை. வீடுகள் இருந்த இடத்தில் கம்பி வேலி போட்டு மரக்கன்று நட்டார்கள். வேலிக்கும் கோயிலுக்கும் நடுவில் நாற்பதடி அகலத்துக்கு ஒரு மண் தரை மிஞ்சியது. வருடத்துக்கு மூன்று நாள், அந்த மண் தரையில்தான் ஊர். பெரும்பாக்கத்திலிருந்து பாய், அடுப்பு, குடம், பிள்ளைகளோடு வந்து தார்ப்பாய் கட்டித் தங்குவார்கள். கோயில் நோட்டில் இன்னமும் பழைய கதவு எண்தான். பாஞ்சாலி வீடு நாற்பத்தொன்று.

முறை தவறினால் அடுத்த முறை வர எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வேம்பு யோசித்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயிலில் பூசாரியும் தர்மகர்த்தாவும் அவரே. கழுத்து வலிக்கு எப்போதும் ஒரு பட்டை போட்டிருப்பார், திருவிழாவுக்காகக் கழற்றி வைத்திருந்தார். மெல்லத் தலையைத் திருப்பி, வீட்டில் வேறு யார் சுத்தம் என்று கேட்டார். எல்லோரும் பாஞ்சாலியைப் பார்த்தார்கள். அவள் பூத்தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, கையை நீட்டி, மூன்று தடவை சொன்னாள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். முடிச்சு விழுந்தது.

காப்புக் கட்டியவர் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடிக்கும் வரை எல்லையைத் தாண்டக் கூடாது. கிழக்கே பாலம், தெற்கே டிரான்ஸ்ஃபார்மர், மற்ற இரண்டு பக்கமும் ஆறும் வேலியும். முடிச்சை நடுவில் அவிழ்ப்பது தாண்டுவதைவிடப் பெரிய குற்றம். இவ்வளவும் பாஞ்சாலிக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது ஒன்றுதான். அதை அவள் மகள் நிலா கால் மணி நேரம் கழித்து போனில் பார்த்துச் சொன்னாள்.

நிலா அப்போது கூடாரம் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரித் தோழன் அயானிடம் கடன் வாங்கிய நீல நிறக் கூடாரம், மலையேறுபவர்கள் எடுத்துப் போவது. தணிகாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. பழைய விளம்பர பேனர் ஒன்றை வேலியில் கட்டி, மறு முனையை மூங்கிலில் இழுத்துக்கொண்டிருந்தார். பேனரில் ஒரு நகைக்கடையின் வளையல் அணிந்த கை மட்டும் தலைகீழாகத் தெரிந்தது. ஆற்றிலிருந்து கொசு கிளம்ப ஆரம்பித்திருந்தது. கட்டணக் கழிப்பறை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி. காப்புக் கட்டியவள் அதற்கு என்ன செய்வாள் என்று யாரும் யோசிக்கவில்லை. வழக்கமாகக் காப்பு ஆண்களுக்கே கட்டியிருந்தார்கள், அவர்களுக்கு வேலி ஓரம் போதுமானதாக இருந்தது.

போனில் வந்திருந்தது பெரும்பாக்கம் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுச் செய்தி. நாளை சனிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை வீடுகளில் சரிபார்ப்பு. ஒதுக்கீடு பெற்றவர் ஆதாருடன் நேரில் இருக்க வேண்டும், கைரேகையும் போட்டோவும் எடுப்பார்கள், வீட்டைத் திறந்து காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை பூட்டியிருந்து நோட்டீஸ் ஒட்டப்பட்ட வீடுகளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. கீழே எண்களின் பட்டியல். அவர்கள் வீட்டு எண் அதில் நான்காவதாக இருந்தது.

மார்ச் மாதம் ஒட்டிய நோட்டீஸ் அது. அன்று தணிகாசலம் ஸ்டாண்டில், நிலா கல்லூரியில், பாஞ்சாலி அடையாறு காந்தி நகரில் இரண்டாவது வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். விடிகாலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் வீட்டில் காபிக்குப் போய்ச் சேர முடியும். வீடு பூட்டியிருக்கிறது, ஆகவே யாரும் குடியில்லை என்று எழுதிவிட்டார்கள். குடியிருப்பதால்தான் வேலைக்குப் போகிறோம் என்பதை விளக்கி நிலா ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தாள். பதில் இல்லை.

ஒதுக்கீடு பாஞ்சாலி பெயரில்.

"நான் போறேன்," என்றார் தணிகாசலம் உடனே. "எனக்குத்தான் காப்பு இல்லியே."

"நைனா, ஒன் கட்டைவிரல் ஒத்துக்காது," என்றாள் நிலா. "அம்மா விரல் வேணும்."

"புருஷன்தானமா நானு?"

"பிரியாணி துன்றதுக்கு முன்னால அத நெனச்சிருக்கணும்," என்றாள் பாஞ்சாலி.

வேம்புவிடம் போனார்கள். அவர் குழுச் செய்தியைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். அதிகாரிகளிடம் போன் செய்து திங்கள்கிழமைக்குத் தள்ளி வைக்கச் சொல்லலாமே என்றார். செய்தியில் இருந்த எண்ணுக்கு நிலா ஆறு முறை அடித்தாள். ஆறு முறையும் ஒரு பெண் குரல் அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாகச் சொன்னது. காலையில் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்று பாஞ்சாலி கேட்டாள். வேம்பு முடியாது என்றார். ஒரு நிமிடம் தாண்டினாலும் தாண்டியதுதான், ஊருக்கு ஆகாது.

"எந்த ஊருக்கு மாமா?" என்று கேட்டாள் பாஞ்சாலி. "இங்க ஒரு செவுரு கீதா? வேலி கீது, செடி கீது. ஊரு மொத்தமும் பெரும்பாக்கத்துல கீது. ஒன் ஊடே எங்க பிளாக்குக்கு அடுத்த பிளாக்கு."

"எல்லைன்றது ஆளுங்கள வெச்சு இல்லம்மா. ஆத்தா குந்திக்கினு கீற எடத்த வெச்சு."

அவர் வீட்டு ஒதுக்கீடு மருமகள் பெயரில். மருமகள் பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு வீட்டில்தான் இருந்தாள். ஆகவே வேம்புவால் பொறுமையாகப் பேச முடிந்தது. அந்த மண் தரையில் இருந்த பாதிப் பேருக்கு அன்று மாலை இதே கவலைதான். நோட்டீஸ் வாங்கிய வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ஏழு மணிக்குள் தார்ப்பாய்களில் பாதி காலியாகிவிட்டன. அவர்களுக்குக் கையில் கயிறு இல்லை, போகலாம். பாஞ்சாலி கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பையும் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போனால் எங்கே போவது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாடகைக்குப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தணிகாசலம். அவர் அதைச் சொல்லிவிடப் போகிறாரே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிந்ததும் தண்ணீர் லாரியிலிருந்து குடம் நிரப்பப் போனபோது, தம்பி பிரபுவிடம் நாலு வார்த்தை பேசினாள். கூழ் அண்டாவும் ஒலிபெருக்கியும் ஏற்றி வந்த குட்டியானை, அதாவது சின்ன லாரி, அவனுடையது. அவன் முதலில் தலையைச் சொறிந்தான். பிறகு வண்டியை எடுத்துப் போய் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தினான்.

எட்டு மணிக்குக் கரகம் ஜோடித்தார்கள். பித்தளைச் செம்பில் தண்ணீர், வாயில் தேங்காய், சுற்றிலும் வேப்பிலை, அதன் மேல் இரண்டடி உயரத்துக்கு மல்லிகையும் அரளியும். நெற்றி வரை பூச்சரங்கள் தொங்கின. வேம்பு பாஞ்சாலி தலையில் ஏற்றி வைத்தார். நான்கு பேர் கொண்ட பறை கிளம்பியது. கரகம் கோயிலிலிருந்து பாலம் வரை போய், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்து, வலது பக்கம் திரும்பி வேலியோரமாகக் கோயிலுக்கு வர வேண்டும். தலையில் ஏறிய கரகத்தை வழியில் இறக்கக் கூடாது. பின்னோக்கி நடக்கக் கூடாது. யாரும் கை வைத்துத் திருப்பவும் கூடாது. இந்தச் சட்டங்களை முந்தின நாள் அவளுக்கு விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தவர் வேம்புதான்.

பாலம் வரை ஒழுங்காகப் போனாள். டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்தாள். வலது பக்கம் திரும்பவில்லை.

பறைக்காரர்கள் பழக்கத்தில் திரும்பி பத்தடி போய்விட்டு, கரகம் இல்லாததைப் பார்த்து ஓடி வந்தார்கள். பாஞ்சாலி நேராக நடந்துகொண்டிருந்தாள், வேகமும் இல்லை நிதானமும் இல்லை, காலை ஐந்தரை பஸ்ஸுக்கு நடக்கிற அதே நடை. தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மனைவிக்கு அருள் வந்துவிட்டதென்று கையைக் குவித்து, தாயே, பிரியாணிக்கு மன்னிச்சுடு என்று கண்ணில் நீர் வர வேண்டிக்கொண்டார். வேம்பு முன்னால் ஓடி வந்து, தொடாமல், இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"தாயி, எல்லைய தாண்டுறியே, எங்க போற?"

"வேம்பு மாமா," என்றாள் பாஞ்சாலி. "எனுக்கு அருளும் வர்ல, ஒண்ணும் வர்ல. மணி எட்டே முக்கால் ஆவுது. வழிய விட்டு வண்டில ஏறு."

வேம்பு கை தாழ்ந்தது. கரகத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, தனியாக விடவும் கூடாது. பூசாரி கூடப் போயே ஆக வேண்டும். பிரபு பின் கதவை இறக்கி, ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தான். பாஞ்சாலி ஏறினாள். பறைக்காரர்கள் ஏறினார்கள். தணிகாசலம் ஏறி, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நிலா ஆதார் அட்டைகள் இருந்த பிளாஸ்டிக் உறையோடு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கடைசியாக வேம்புவும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

கரகத்தோடு உட்காரவும் கூடாது. திருவான்மியூர் தாண்டி, ஓ.எம்.ஆர். முழுக்க பாஞ்சாலி நின்றுகொண்டே வந்தாள். கத்திரி முடிந்தும் தணியாத வெயில். ஒவ்வொரு சிக்னலிலும் இருசக்கர வண்டிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். ஒரு ஐ.டி. கம்பெனி பஸ்ஸிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள். டைடல் பார்க் சிக்னலில் பறை நின்றிருந்தபோது தணிகாசலம் மெல்ல, கை வலிக்கிறதா என்று கேட்டார். கழுத்துதான் வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வீடு போயிடும்னு ராத்திரி தூங்கவே இல்லை என்று அவர் சொன்னார். அவர் குறட்டையை நிலாவின் கூடாரத்திலிருந்தே கேட்டவள் பாஞ்சாலி. சோழிங்கநல்லூரில் வேம்பு, இப்படியொரு அநியாயம் என் காலத்தில் நடக்க வேண்டுமா என்று ஆரம்பித்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்க, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்திக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு பிளாக் வாசல் வந்தது. பறைச் சத்தம் கேட்டதும் மாடிகளில் தலைகள் முளைத்தன. நேற்று இரவு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த பெண்கள் முதலில் நம்பவில்லை. பிறகு குடத்தில் தண்ணீரும் மஞ்சளும் வேப்பிலையுமாகப் படியில் இறங்கி ஓடி வந்தார்கள். திருவிழா போச்சே என்று இரவெல்லாம் அழுததாக ஒருத்தி சொன்னாள். வேம்பு கீழே இறங்கியபோது அவரது காலிலும் இரண்டு பேர் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அவர் கோபத்தைத் தள்ளி வைத்து விபூதி கொடுக்க வேண்டியதாயிற்று.

தரைத்தளத்தில் மேஜை போட்டு ஓர் இளம் பெண் அதிகாரி டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பதினைந்து பேர் வரிசை. கரகத்துக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். நிலா ஆதாரை நீட்டினாள். அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, கைரேகை எடுத்தாள். மஞ்சள் அப்பியிருந்த விரலைத் துடைத்துத் துடைத்து, நான்காவது முறை பதிந்தது. பிறகு டேப்லெட்டை உயர்த்திப் படம் பிடித்தாள். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. மீண்டும் பிடித்தாள். மீண்டும் சிவப்பு.

"முகம் தெரியலங்க. பூ மறைக்குது. தலையில எதுவும் இருக்கக் கூடாது, இல்லன்னா ஏறாது. ரெண்டு நிமிஷம் இறக்கி வெச்சிடுங்களேன்."

"எறக்கக் கூடாதும்மா," என்றார் வேம்பு.

"அப்ப வேற யாராவது வாங்கிக்கலாமே?"

"காப்புக் கட்டினவங்கதான் வாங்கணும். சொம்மா யார் வேணா தொட முடியாது."

"காப்புக் கட்டினவங்க வேற யாரு?" என்று கேட்டாள் அதிகாரி.

சுற்றியிருந்த பெண்களின் கண்கள் வேம்புவின் வலது மணிக்கட்டுக்குப் போயின. அங்கே பூசாரிக்கு உரிய கயிறு மஞ்சளாக இருந்தது.

"எனுக்குக் கழுத்து..." என்றார் அவர்.

"ரெண்டு நிமிஷம் மாமா," என்றாள் பாஞ்சாலி.

அவர் துண்டைச் சும்மாடு சுற்றினார். குனிந்தார். கரகம் இறங்காமல், தலையிலிருந்து தலைக்கு மாறியது. பெண்கள் குலவையிட்டார்கள். அதிகாரி படம் எடுத்தாள். பச்சை வந்தது. ஆனால் சேமிக்கும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வர் போய்விட்டது என்றாள். வரும், காத்திருங்கள் என்றாள். பெண்கள் அதற்குள் வேம்புவைச் சூழ்ந்து, தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளைக் காலில் கிடத்தி எடுத்து, மருமகளுக்குக் குழந்தை வரம், மகனுக்கு வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் நேராகப் பார்த்தபடி, உதட்டை மட்டும் அசைத்து ஆசி சொன்னார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வட்டம் நின்றது. அதிகாரி சிரித்து, பதிவாகிவிட்டது, இனி வீட்டைப் பார்த்துவிட்டால் முடிந்தது என்றாள். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் பாஞ்சாலி முன்னால் ஏறினாள், கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே. பூட்டைத் திறந்தாள். அடுப்படி, கட்டில், நிலாவின் புத்தகங்கள், கம்பியில் காய்ந்துகொண்டிருந்த தலையணை உறைகள். அதிகாரி எட்டிப் பார்த்து, இரண்டு படம் எடுத்து, மார்ச் மாத நோட்டீஸைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பச்சைத் தாளை ஒட்டினாள். அவ்வளவுதான். நல்லாப் பெருக்கி வெச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பாஞ்சாலி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். முதலில் கழிப்பறைக்குப் போய் வந்தாள், நேற்று மாலைக்குப் பிறகு இப்போதுதான். மின்விசிறியைப் போட்டாள். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, நின்றுகொண்டே ஒரு சொம்பு குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டு உட்கார்ந்து குடித்தாள். இரண்டு நாளில் யாரும் அவளிடம் எதுவும் கேட்காமல் கழிந்த முதல் ஐந்து நிமிடம் அது. காந்தி நகர் வீட்டு அம்மாவிடம் திங்கள்கிழமை வரை லீவு சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வெயிலில் மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போய், கூடாரத்தில் படுத்து, விடிகாலையில் கேழ்வரகுக் கூழ் கிண்ட வேண்டும். போகத்தான் வேண்டும். கயிறு கையில் இருக்கிறது.

கீழேயிருந்து தணிகாசலம் கூப்பிட்டார். அவள் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வரிசை இன்னும் வளர்ந்திருந்தது. அதில் அதிகாரிக்காக நிற்பவர் யார், கரகத்துக்காக நிற்பவர் யார் என்று மேலேயிருந்து பிரிக்க முடியவில்லை. நடுவில் வேம்பு ஒரு கையால் கரகத்தையும் மறு கையால் பிடரியையும் பிடித்தபடி ஆடாமல் நின்றார். தணிகாசலம் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்து அவருக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, வர்றியா இல்லியா? மாமாவால முடியல."

"வர்றேன், வர்றேன். இன்னொரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்றாள் பாஞ்சாலி. "அந்த நாற்காலிய எடு. கரகத்த வெச்சுக்கினு குந்தக் கூடாது."